புறா போகவே மாட்டேன் என்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

புறா உட்காராமலிருக்க முள்பட்டை (கூரிய முட்கள் நிமிர்ந்து நிற்கும் பட்டை) ஒட்டியாயிற்று, வலை கட்டியாயிற்று, ஆனாலும் புறா அதே இடத்தில்தான் இருக்கிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அது அங்கே என்ன செய்கிறது? பகலில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறதா, இரவு தங்குகிறதா, கூடு கட்டியிருக்கிறதா? மூன்றுக்கும் வழி வேறு வேறு. சும்மா உட்கார வருகிற புறா சின்னத் தொந்தரவுக்கே இடம் மாறிவிடும். இரவு தங்குகிற புறாவுக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. முட்டை வைத்துவிட்ட புறா எதற்கும் அசையாது. இதைப் பார்க்காமல் கிடைத்ததை வாங்கி மாட்டுவதால்தான் பணம் போகிறது, புறா போவதில்லை.

விடை எச்சத்திலேயே இருக்கிறது. சுவரோரமாகவோ கம்பிக்கு அடியிலோ வெள்ளைப் புள்ளிகள் நீளவாக்கில் சிதறிக் கிடந்தால் பகலில் உட்காரும் இடம். ஒரே இடத்தில் குவியலாக, பழையதன்மேல் புதியது விழுந்து காய்ந்து கிடந்தால் இரவில் தங்கும் இடம். அந்தக் குவியலோடு குச்சி, ஈர்க்கு, கம்பித் துண்டு, இறகு எல்லாம் ஒட்டிப்பிடித்திருந்தால் கூடு. சந்தேகமாக இருந்தால் நன்றாக இருட்டிய பிறகு ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் அங்கே இருப்பது தங்குகிற புறாதான்.

மாடப்புறாவின் மூதாதை பாறை இடுக்குகளில் வாழ்ந்த பறவை. மேலே ஒரு மறைப்பு, பின்னால் ஒரு சுவர், நிற்க ஒரு தட்டை: இது கிடைத்தால் அதற்குப் போதும். சன்ஷேடும் பீமும் ஏசி ஸ்டாண்டும் அதைத்தான் தருகின்றன. அந்தத் தட்டையை இல்லாமல் செய்வது அல்லது அடைப்பதுதான் நிலைக்கும். விரட்டுகிற வேலை எதுவும் நிலைக்காது.

முள்பட்டை வைத்தும் அதே இடத்தில் உட்காருகிறது

முதலில் விளிம்பைப் பாருங்கள். பல இடங்களில் முள் வரிசை சுவர்ப்பக்கமாக ஒட்டியிருக்கும், வெளி ஓரத்தில் நாலு விரல் இடம் காலியாகக் கிடக்கும். புறாவுக்கு அது தாராளம். தட்டையின் முழு அகலத்தையும் முள் மூட வேண்டும், வெளிப்பக்க முள் ஓரத்தைத் தாண்டிச் சற்று நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அகலமான சன்ஷேடுக்கு ஒரு வரிசை போதாது, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மூன்று வரிசை வேண்டும்.

அடுத்து ஒட்டு. எச்சத் தூளின் மேலேயே சிலிகான் தடவி ஒட்டினால் அது தூளோடு சேர்ந்து பெயர்ந்து வரும். மேற்பரப்பைக் கழுவி, காயவிட்டு, பிறகு ஒட்டுங்கள். மலிவான பிளாஸ்டிக் முள் வெயிலில் நொறுங்கிவிடும். துருப்பிடிக்காத எஃகு முள்ளையே நான் பரிந்துரைப்பேன்.

ஓரமும் ஒட்டும் சரியாக இருந்தும் உட்காருகிறது என்றால், முள்ளுக்கு இடையில் குச்சி கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அது கூடு கட்டுகிற இடம், அங்கே முள் தோற்றுப்போகும். தோற்பது மட்டுமில்லை, குச்சி நழுவாமல் பிடித்துக்கொடுத்துக் கூட்டுக்கு உதவியும் செய்யும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட தகவல் ஒன்று இதில் உச்சம். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில், காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த மேக்பை, கட்டடத்தில் ஒட்டியிருந்த முள்பட்டைகளைப் பிய்த்தெடுத்து, ஏறத்தாழ 1,500 முட்களைக் கொண்டு தன் கூட்டையே கட்டியிருந்தது. கூடு கட்டும் இடத்துக்கு வலை அல்லது முழு அடைப்புதான். குறுகிய சன்ஷேடு, பீம் மேல்பக்கம் போன்றவற்றுக்குச் சாய்வுப் பலகையும் நல்ல தீர்வு. சாய்வு 45 டிகிரிக்குக் குறையக் கூடாது, பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான சிமெண்டுச் சாய்வில் புறா நகத்தை ஊன்றி நின்றுவிடும்.

வலை கட்டியிருக்கிறது, ஆனால் உள்ளே புறா இருக்கிறது

வலையைக் குறை சொல்லும் முன் கீழ் மூலைக்குப் போங்கள். தண்ணீர்க் குழாயோ கேபிளோ வலையைத் தாண்டுகிற இடம், கைப்பிடிச் சுவர் வளைகிற இடம், கதவுச் சட்டத்தின் ஓரம்: நுழைவழி பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் எப்படி வருகிறது என்பது தெரிந்துவிடும். முதலில் சுவரோரமாக நடந்து வரும். தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்க்கும். பிறகு உடம்பை ஒருக்களித்து, ஒரு தோளை நுழைத்து, வலையை முதுகால் தூக்கிக்கொண்டே உள்ளே வந்துவிடும். உள்ளே வந்ததும் இறகைச் சிலுப்பிக்கொண்டு நேராகத் தன் பழைய மூலைக்குப் போகும். வலை தொய்வாக இருந்தால் இதற்கு ஓட்டைகூடத் தேவையில்லை.

ஆகவே உள்ளங்கையால் வலையை அழுத்திப் பாருங்கள். அது பையாகத் தொங்கினால் கட்டிய முறை தவறு. சுவரில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொக்கி அடித்து வலையை நேரடியாக மாட்டினால், இரண்டு கொக்கிக்கு நடுவே ஓரம் வளைந்து வாய் திறக்கும். நான்கு பக்கமும் எஃகுக் கம்பி ஓட்டி, டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு) வைத்து முறுக்கேற்றி, அந்தக் கம்பியோடு வலையைச் சிறு வளையங்களால் நெருக்கமாகப் பிணைக்க வேண்டும். குழாய் தாண்டுகிற இடத்தில் வலையை வெட்டி விட்டுவிடக் கூடாது. குழாயைச் சுற்றிக் கட்டி முடிக்க வேண்டும். மூன்று விரல் சேர்த்து நுழைகிற எந்தச் சந்தும் புறாவுக்கு வழிதான்.

கண் அளவும் முக்கியம். புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண் போதும். மைனா அளவுப் பறவைகளுக்கு 28, சிட்டுக்குருவிக்கு 19. புறாவுக்கென்று கட்டிய வலைக்குள் குருவி வந்தால் அது பழுதில்லை, தேர்வு அப்படி. கண்ணுக்கே தெரியாத மெல்லிய நைலான் வலை பார்க்க அழகாக இருக்கும், வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி தயாரித்த, முடிச்சுப் போட்ட பாலிஎத்திலீன் வலைதான் பல வருடம் நிற்கும்.

உள்ளே மாட்டிக்கொண்ட பறவையை அப்படியே விட்டுவிடாதீர்கள். வலையின் ஒரு மேல் மூலையைத் திறந்து வையுங்கள், ஆட்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள், அது போய்விடும். இனி வலை கட்டுவதாக இருந்தால், மூடும் முன் உள்ளே கூடு இருக்கிறதா என்று ஒவ்வொரு மூலையும் பார்த்துவிடுங்கள். தாயை வெளியே வைத்துக் குஞ்சை உள்ளே வைத்து மூடினால் குஞ்சு பட்டினியில் சாகும். பிறகு நாற்றமும் ஈயும் வீட்டுக்குள் வரும்.

பிடித்துக் கொண்டுபோய் விட்டோம், திரும்பி வந்துவிட்டது

வரத்தான் செய்யும். தூது அனுப்ப மனிதன் புறாவை வளர்த்ததே இந்தக் குணத்துக்காகத்தான். அமெரிக்காவில் ஹோம்டெல் என்ற இடத்தில் 1960-களில் பெரிய கொம்பு வடிவ ஆண்டெனாவில் வேலை செய்துகொண்டிருந்த ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும், அதற்குள் குடியேறியிருந்த புறாக்களைப் பிடித்து வேறு ஊருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். புறாக்கள் திரும்பி அதே ஆண்டெனாவுக்கு வந்து சேர்ந்தன. (ஆண்டெனாவில் காரணம் தெரியாத ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது, புறா எச்சம்தான் காரணமோ என்று சந்தேகப்பட்டார்கள். எச்சத்தைத் துடைத்த பிறகும் நிற்காத அந்த இரைச்சல், பெருவெடிப்பின் மிச்சக் கதிர்வீச்சு என்று பிறகு தெரிந்தது. 1978-இல் இருவருக்கும் நோபல் பரிசு.)

வராமல் போனாலும் பயன் குறைவு. காலியான தட்டைக்கு அக்கம்பக்கத்துப் புறா வந்துவிடும். பிடிக்கிற உழைப்பை அடைக்கிற உழைப்பாக மாற்றுங்கள்.

ஆந்தை பொம்மை, மின்னும் தகடு, ஒலிக்கருவி: முதலில் பலன் இருந்தது, இப்போது இல்லை

பொம்மை அசையவில்லை, துரத்தவில்லை, யாரையும் தின்னவில்லை என்பது புறாவுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. பகலில் உட்கார மட்டும் வருகிற இடத்தில், இடத்தை மாற்றி மாற்றி வைத்தால் கொஞ்ச காலம் ஓட்டலாம். கூட்டுப் புறாவிடம் ஒரு பலனும் இருக்காது.

மீயொலிக் கருவியை வாங்கவே வேண்டாம். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், மீயொலி அதற்கும் மேலே. புறாவின் காது நம் உச்சத்தில் பாதியைத் தாண்டினாலே அதிகம். கேட்காத சத்தத்துக்கு அது எப்படி ஓடும்?

ஒட்டும் பசையை நான் எங்கும் பரிந்துரைப்பதில்லை. தூசு படிந்து சீக்கிரம் வீணாகும், அதற்குள் சிட்டுக்குருவி போன்ற சின்னப் பறவைகள் இறகோடு ஒட்டிச் செத்துவிடும். விஷமும் கூடவே கூடாது. விஷம் தின்ற புறாவைப் பருந்தும் ஆந்தையும் பூனையும் தின்னும்.

கூட்டைக் கலைத்தால் மறுநாளே மறுபடி கட்டுகிறது

கலைத்ததும் அந்த இடத்தை அடைக்காமல் விட்டால் இப்படித்தான் நடக்கும். ஆனால் கலைப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

நாலு குச்சி மட்டும் என்றால் உடனே எடுத்து, அன்றே அடைத்துவிடலாம். முட்டை இருந்தால் கணக்கு வேறு. புறா வழக்கமாக இரண்டு முட்டை இடும், சுமார் 18 நாள் அடைகாக்கும். குஞ்சு பறந்து போக அதற்கு மேல் நான்கைந்து வாரம் ஆகும். தாயும் தந்தையும் தொண்டைப் பையில் ஊறுகிற பால் போன்ற ஒன்றை ஊட்டி வளர்க்கின்றன. பூச்சி கிடைக்கும் பருவத்துக்காக அவை காத்திருக்க வேண்டியதில்லை. இரை கிடைத்தால் வருடம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும். முதல் ஈட்டுக் குஞ்சு கூட்டைவிட்டுப் போகும் முன்பே அடுத்த முட்டையை இட்டுவிடுவதும் உண்டு. "குஞ்சு போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தேதி குறிக்காமல் இருந்தால் அந்த அப்புறம் வராமலே போவது இதனால்தான். குஞ்சு பறந்த அன்றே, இல்லையென்றால் மறுநாள், கூட்டை எடுத்து அடைக்க ஆளையும் பொருளையும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டையை எடுத்து எறிந்தால் புறா சில நாளில் மறுபடி இடும். அதற்குப் பதிலாகப் பொய் முட்டையை வைத்தால் அதன்மேல் உட்கார்ந்துகொண்டே இருக்கும். ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரம் இதையே முறையாகச் செய்து பெயர் வாங்கியது. புறாக்களுக்கெனத் தனிக் கூண்டுமாடம் அமைத்து, அங்கே இடுகிற முட்டைகளைப் பொய் முட்டையாக மாற்றிவிடுகிறார்கள். பெரிய வளாகங்களுக்கு இது நல்ல வழி, ஆனால் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். புறா, சிட்டுக்குருவி, மைனா, காகம் எல்லாவற்றுக்கும் எல்லா இடத்திலும் ஒரே விதி கிடையாது. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைத் தொடுவது பல நாடுகளில் குற்றம். உள்ளூர் வனத்துறை அல்லது நகர நிர்வாகத்திடம் ஒரு முறை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஏசிக்குப் பின்னாலோ காற்றுக் குழாய்க்குள்ளோ கீச்சுக் கீச்சென்று சத்தம்

குஞ்சு இருக்கிறது. இப்போது எதையும் அடைக்காதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் வழி என்றால் சத்தம் நிற்கும்வரை ஃபேனைப் போட வேண்டாம். குஞ்சு வெளியேறியதும் கூட்டை எடுத்து, குழாயின் வெளிவாயில் கம்பி வலை பொருத்துங்கள். காற்று தடைபடாத அளவு கண் இருக்கட்டும். ஏசி வெளியூனிட்டில் சுவருக்கும் யூனிட்டுக்கும் நடுவிலுள்ள சந்துதான் கூட்டுக்கு ஏற்ற இடம். மேல்பக்கத்தையும் பக்கவாட்டையும் அடைத்துவிட்டு, காற்று வெளியேறும் முகத்தை மட்டும் திறந்து வைத்தால் போதாது. பின்பக்கம் காற்று உறிஞ்சவும் வழி வேண்டும். அங்கே தகட்டை வைக்காமல் வலையையே வையுங்கள்.

எச்சத்தைச் சுத்தம் செய்த பிறகு இருமல், மூச்சுத் திணறல்

காய்ந்த எச்சத்தை அப்படியே துடைப்பத்தால் பெருக்கியிருப்பீர்கள். இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். குவிந்து கிடக்கும் எச்சத்தில் ஹிஸ்டோபிளாஸ்மா, கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சைகள் வளரலாம், சிட்டகோசிஸ் என்ற நோயைத் தருகிற பாக்டீரியாவும் இருக்கலாம். தூளாகக் கிளம்பினால் நேராக நுரையீரலுக்குப் போகும். நோய்க்கிருமி எதுவும் இல்லாவிட்டாலும், எச்சத் தூசியை மாதக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வருவதுண்டு. அறிகுறி வந்தவர் டாக்டரிடம் போகும்போது "புறா எச்சம் சுத்தம் செய்தேன்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரணச் சளி என்று நினைக்க வாய்ப்பு அதிகம்.

சரியான முறை இது. என்-95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஜன்னலை மூடுங்கள். சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து, உள்வரை ஊறும்படி விடுங்கள். வேகமான குழாய்த் தண்ணீர் வேண்டாம், அது தூளைக் கிளப்பும். ஊறியதும் பிளாஸ்டிக் தகட்டால் வழித்து, இரட்டைப் பையில் கட்டிவிடுங்கள். கிருமிநாசினியைக் கடைசியில்தான் பயன்படுத்த வேண்டும். எச்சம் குவிந்திருக்கும்போதே பிளீச்சிங் கரைசல் ஊற்றினால் கெட்ட வாயு கிளம்பும். அறை அளவுக்குக் குவிந்திருந்தாலோ, உயரமான விளிம்பில் நின்று செய்ய வேண்டியிருந்தாலோ, பயிற்சி பெற்றவர்களிடம் கொடுங்கள். புறா எச்சத்துக்காக யாரும் மாடியிலிருந்து விழ வேண்டாம்.

எச்சம் அமிலத்தன்மை உள்ளது. சுண்ணாம்புக்கல், பெயிண்ட், உலோகத் தகடு எல்லாவற்றையும் மெல்ல அரிக்கும். ஆகவே சுத்தத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

புறாவைத் துரத்திய பிறகு வீட்டுக்குள் அரிப்பு

படுக்கையில் ஊசிமுனை அளவில் ஊர்கிற சின்னச் சின்னப் பூச்சிகள், இரவில் கடி, ஜன்னலோரம் அதிகம் என்றால், கூட்டில் இருந்த பறவை உண்ணிகள் இரை தேடி உள்ளே வந்திருக்கின்றன. குஞ்சு பறந்துபோனதும் இது நடக்கும். பறவையை அனுப்பிவிட்டுக் கூட்டை மட்டும் விட்டுவைத்தவர்கள் வீட்டில்தான் அதிகம் பார்க்கலாம். இவை மனித உடம்பில் குடியேறி வாழாது, அந்தப் பயம் வேண்டாம். கூட்டையும் சுற்றியுள்ள குப்பையையும் ஊறவைத்து எடுத்து மூடிக் கட்டுங்கள், ஜன்னல் சட்டத்து வெடிப்புகளை அடையுங்கள், துணிகளைச் சுடுநீரில் துவையுங்கள். அதற்கு மேலும் கடி தொடர்ந்தால் பூச்சி ஒழிப்பவரை அழைத்து, கூடு இருந்த இடத்தைச் சுற்றி மருந்தடிக்கச் சொல்லுங்கள்.

சோலார் பேனலுக்கு அடியில் கூடு, மின்சாரம் குறைகிறது

பேனலுக்கும் கூரைக்கும் நடுவே உள்ள நிழலான இடைவெளிதான் காரணம். சுற்றிலும் கம்பி வலை வையுங்கள், ஆனால் பேனல் சட்டத்தில் துளை போட வேண்டாம், உத்தரவாதம் போய்விடலாம். சட்டத்தில் கவ்விக்கொள்கிற கிளிப்புகள் இதற்கென்றே உண்டு. பேனல்மேல் விழும் எச்சம் ஒரு செல்லை மட்டும் மறைத்தாலும் அந்த இடம் சூடேறிப் பழுதாகும். காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது கழுவுங்கள்.

ஒரு பறவை ஜன்னலைக் கொத்திக்கொண்டே இருக்கிறது, காகம் தலையில் அடிக்கிறது

இவை புறாப் பிரச்சினை இல்லை, ஆனாலும் அடிக்கடி கேட்கிறார்கள். கண்ணாடியில் தெரிகிற தன் நிழலைப் போட்டியாளன் என்று நினைத்துத்தான் பறவை கொத்துகிறது. வெளிப்பக்கம் பேப்பர் ஒட்டியோ சோப்புக் கரைசல் தடவியோ நிழல் தெரியாமல் செய்யுங்கள், நின்றுவிடும். உள்பக்கம் திரை போட்டால் நிழல் இன்னும் தெளிவாகத் தெரியவும் கூடும். காகம் அடிப்பது பெரும்பாலும் குஞ்சு பக்கத்தில் இருக்கும்போது. சில வாரம் குடை பிடித்துப் போங்கள், அல்லது வேறு வழியில் போங்கள்.

ஒரு மூலை என்றில்லை, கட்டடம் முழுக்க மொய்க்கிறது

இது தட்டைப் பிரச்சினையைத் தாண்டிவிட்டது, இரைப் பிரச்சினை. பக்கத்தில் யாரோ தானியம் போடுகிறார்கள், அல்லது குப்பைத் தொட்டி திறந்து கிடக்கிறது. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரம் வருடக்கணக்கில் புறாவைக் கொன்று பார்த்தது, எண்ணிக்கை குறையவில்லை. 1988-இல் தொடங்கி, இரை போட வேண்டாம் என்று மக்களிடம் எடுத்துச் சொல்லும் பிரச்சாரத்தை நடத்தினார்கள். 50 மாதத்தில், கணக்கெடுத்த கூட்டங்களில் புறாக்கள் ஏறத்தாழ பாதியாகின. லண்டனின் டிராஃபால்கர் சதுக்கத்தில் 2003-இலும் வெனிசின் சான் மார்கோ சதுக்கத்தில் 2008-இலும் இரை போடுவதைத் தடைசெய்தார்கள்.

தானியம் போடுகிறவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் அன்பால்தான் போடுகிறார். இரை அதிகமானால் கூட்டம் அதிகமாகும், கூட்டம் அதிகமானால் நோயும் நெரிசலும் குஞ்சுச் சாவும் அதிகமாகும் என்பதை உட்கார்ந்து பேசினால் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாமல் படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள். புறாக்கள் வேறு இடம் தேடிப் பழக அவகாசம் கிடைக்கும்.

கூடத்துக்குள் ஒரு புறா மாட்டிக்கொண்டது

துரத்தாதீர்கள், மேலே மேலே பறந்து களைத்துவிடும். விளக்கையெல்லாம் அணைத்து, ஒரே ஒரு பக்கத்துக் கதவை அல்லது உயர ஜன்னலை மட்டும் முழுதாகத் திறந்து, வெளிச்சம் அங்கிருந்து மட்டும் வரும்படி செய்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். இருட்டிவிட்டால் காலைவரை விட்டுவிடலாம், பீமில் தூங்கும். விடிந்ததும் அதே பக்கம் திறந்து வையுங்கள். அடிக்கடி நடந்தால் சரக்கு வாசலில் பட்டைத் திரை மாட்டுங்கள், பீமுக்குக் கீழே வலை ஓட்டுங்கள்.